முப்பத்தேழாம் இலக்கப் போட்டியாளர்

போன மாதம் ஒரு காலை, மஸ்கெலியா கடைவீதிக்குப் போகலாமென்று குடையைக் கையில் எடுத்த நேரத்தில் போன் அடித்தது. நான் ஓய்வுபெற்ற பிறகு என் மேசைக்கு வந்திருக்கும் பிள்ளை, சுகந்தி. மோட்டார் சைக்கிள் ஓட்டப் போட்டிகளை நடத்தும் எங்கள் கம்பனியின் விண்ணப்பப் படிவத்தை, இனிமேல் போனிலேயே நிரப்பும்படி மாற்றப் போகிறார்களாம்.

“அங்கிள், ரெண்டாம் பக்கத்துல பதினாலாவது கேள்வி என்னமோ பிழையா வந்திருக்கு. எடுத்துரவா?”

“வாசிம்மா.”

“‘ஓட்டம் ஆரம்பமாகும் நேரத்தில் போட்டியாளர் உயிருடன் இருப்பாரா? ஆம், இல்லை.’ இத யாரு அங்கிள் எழுதியிருப்பாங்க?”

“அது பிழையில்ல. ஒரு எழுத்தக்கூட எடுத்துராத,” என்றேன்.

அவள் ரொம்ப நேரம் சிரித்தாள். பிறகு, அப்படியானால் காரணத்தை எழுதிக் கொடுங்கள், கோப்பில் வைக்கிறேன் என்றாள். காரணம் நான்தான். ஆகவே எழுதுகிறேன். கோப்பில் வைப்பார்களோ, வடை சுற்றுவார்களோ, அது அவர்கள் பாடு.

மோட்டார் சைக்கிள் ஓட்டம் என்றால் முப்பது நாற்பது பேர் முறுக்கிக்கொண்டு பறப்பது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பறப்பது பெரிய காரியமில்லை. அவர்கள் பறப்பதற்கு முன்னால் ஒன்பது கையெழுத்து வேண்டும். பொலிஸ், பிரதேச செயலகம், தோட்டத்துத் தொரை, ஆஸ்பத்திரி, இன்சூரன்ஸ், கோயில் கமிட்டி, பாதையோரத்துப் பள்ளிக்கூடம், பஸ்காரர்கள், கடைசியாகத் தோட்டத் தலைவர். இந்த ஒன்பது பேரையும் ஒரே கிழமைக்குள் நல்ல குணத்தில் பிடிக்கிறவன்தான் ஓட்டம் நடத்துகிறவன். மற்றவனெல்லாம் வேடிக்கை பார்க்கிறவன்.

என் முதல் மூன்று வருடம் பசை வாளியோடு போனது. ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் நடுவில் நான் போஸ்டர் ஒட்டாத மதில் இருந்தால் அது எனக்குப் பிறகு கட்டிய மதிலாகத்தான் இருக்கும். பிறகு, குரல் கணீரென்று இருக்கிறது என்று ஆட்டோவில் ஏற்றி மைக்கைக் கொடுத்தார்கள். மாதா கோயிலில் வைத்த அருளப்பன் என்ற பெயர் அன்றோடு போய், மைக் அருள் ஆனேன். தோட்டத்து வரிசை வீடுகள் இருக்கும் லயம் லயமாகப் போய் ஓட்டத்துக்கு ஆள் கூப்பிடுவது, ஓட்ட நாளன்று மைக்கில் நேர்முக வர்ணனை செய்வது, நடுவில் அந்த ஒன்பது கையெழுத்து. இருபத்தாறு வருடம் இதுதான் என் பிழைப்பு.

எங்கள் பொறுப்பதிகாரி ரத்நாயக்க சேர். சிங்கள மனிதர். தோட்டங்களில் சுற்றிச் சுற்றித் தமிழ் பிடித்துக்கொண்டவர். முழங்கால் சேற்றிலும் டை கட்டியிருப்பார். கழுத்தில் ஒரு நேரக்கணிப்பான் கடிகாரம் தொங்கும். அது சரியாக ஓடுகிறதா என்று பார்க்கக் காற்சட்டைப் பையில் இன்னொன்று. சட்டைப்பையில், மழை படாமல் பிளாஸ்டிக் உறை போட்ட விதிப் புத்தகம். அந்தப் புத்தகம் அவருக்கு மனப்பாடம். இருந்தாலும் எதைக் கேட்டாலும் அதை எடுப்பார், விரலை நாக்கில் தொடுவார், பக்கத்தைத் தேடுவார், வாசிப்பார், மூடுவார், உறையில் போடுவார், அதற்குப் பிறகுதான் பதில் வரும். ஒருமுறை தேத்தண்ணீருக்குச் சீனி போடவா சேர் என்று கேட்டேன். கை சட்டைப்பை வரைக்கும் போய்த் திரும்பியதை என் கண்ணால் பார்த்தேன்.

“புத்தகத்துல இருந்தா இருக்கு. இல்லாட்டி இல்ல,” என்பார். “நம்ம மனசுல இருக்கிறது ரூல் இல்ல, அருள்.”

இது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. நோட்டன் பிரிட்ஜில் ஒருமுறை சர்வதேச ஓட்டம் என்று நான் போஸ்டர் அடித்துவிட்டேன். வருவதாகச் சொன்ன வெளிநாட்டு வீரர் வரவில்லை. நான் நேரே நல்லதண்ணிக்கு ஓடி, சிவனொளிபாத மலை ஏறி இறங்கியிருந்த ஒரு ஜெர்மன்காரரைப் பிடித்தேன். மனிதருக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியும். ஆனால் மலை இறங்கியதில் முழங்கால் இரண்டும் மடங்கவில்லை. சைக்கிளில் ஏற முடியாமல் நிற்கிறார். நாங்கள் நான்கு பேர் அலாக்காகத் தூக்கி வைத்தோம். மற்ற வீரர்கள் சேரிடம் முறையிட்டார்கள். சேர் புத்தகத்தை எடுத்தார், விரலை நாக்கில் தொட்டார், தேடினார், மூடினார். “போட்டியாளர் தானா ஏறணும்னு எங்கயும் இல்ல. ஓட விடுங்க,” என்றார். ஜெர்மன்காரர் கடைசியாகத்தான் வந்தார். இறக்கவும் நான்கு பேர் தேவைப்பட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டம். சின்னப்பாறை என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் இருந்து மேலே போகும் தோட்டத்துப் பாதையில் இரண்டு கிலோமீட்டர் மலையேற்ற ஓட்டம். ஒருவர் பின் ஒருவராகப் புறப்பட வேண்டும். குறைந்த நேரத்தில் மேலே போகிறவருக்குக் கப். பணத்துக்கு ஓட்டும் தொழில்முறை வீரர்கள் முப்பத்தாறு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். முடிவுக்கோட்டை எங்கே போடுவது என்று பார்த்தால், பிரேக் பிடிக்க அகலமான சமதரை அந்த மலையில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. மயானத்து வளைவு. “முடிவு: மயானம்” என்று போஸ்டரில் போட்டால் எந்த வீரன் வருவான்? “முடிவு: மேல் வளைவு” என்று போட்டேன். விளம்பரத் தொழிலில் அதுதான் படிப்பு.

பாதை அப்போது பாதையாக இல்லை. பள்ளங்களுக்கு நடுவே கொஞ்சம் தார் இருந்தது. தோட்டத்தில் முப்பது வருடம் ரோட்டு வேலை செய்து ஓய்வெடுத்திருந்த மாரிமுத்தண்ணனை நான்தான் தேடிப் பிடித்தேன். மூன்று கிழமை. ஒரு ஆளாக நின்று கல் உடைத்து, மண் கொட்டி, தண்ணீர் ஓட வழி வெட்டி, அந்த இரண்டு கிலோமீட்டரையும் கோயில் தரை மாதிரி ஆக்கினார். ஒரு பள்ளத்தை அவர் மூடினால் அதன்மேல் குதித்துப் பார்ப்பார். அறுபத்தைந்து வயதில் குதிப்பார்.

“விட்டுருங்கண்ணே, போதும்,” என்பேன்.

“நீங்க மைக்குல கத்திட்டுப் போயிருவீங்க. எவனாச்சும் விழுந்தா எம்பேரத்தானே சொல்லுவாங்க?” என்பார்.

ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை பின்னேரம் கடைசி வளைவை முடித்து, வீட்டுக்குப் போய்க் கைகால் கழுவி, தேத்தண்ணீர்க் கோப்பையை வாங்கி, ஒரு வாய் குடித்து, சுவரில் சாய்ந்தவர் சாய்ந்தவர்தான். நெஞ்சு நின்றுபோய்விட்டது என்று தோட்டத்து டிஸ்பென்சரியில் சொன்னார்கள்.

ஞாயிறு காலை பதினொரு மணிக்குக் கேதம் கேட்கப் போனேன். அவர் மனைவி பேச்சியம்மா அக்கா கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. ஒவ்வொரு வேலையாக ஆட்களை ஏவிக்கொண்டிருந்தார். ஒரே மகன் கணேசன் வாசலில் மொட்டைத்தலையோடு நின்றான். அவனுக்குக் கட்டார் நாட்டில் வேலை கிடைத்து, அன்று இரவு விமானம். ஆறு மணிக்குத் தோட்டத்தை விட்டுப் புறப்பட்டால்தான் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போய்ச்சேர முடியும். போகாவிட்டால் வேலையும் போச்சு, விசாவும் போச்சு. அவன் இல்லாவிட்டால் அப்பாவுக்கு முதல் பிடி மண் போட ஆள் இல்லை.

“எத்தன மணிக்குக்கா எடுக்குறீங்க?” என்று கேட்டேன்.

“குழி வெட்டி முடியவே பன்னெண்டு ஆயிருமாம், தம்பி. பாறை. பன்னெண்டுக்கு மேல ஒன்றர வரைக்கும் எமகண்டம். மூணுக்கு மேல குளிகன். குளிகன்ல எந்தக் காரியம் செஞ்சாலும் திரும்ப நடக்குமாம், பொணத்த எடுக்கலாமா? அப்புறம் ராகு காலம் ஆறு வரைக்கும். அதனால ஒன்றரைக்கு எடுத்தா மூணுக்குள்ள மண்ணு போட்டுரலாம். அதுதான் நேரம்.”

ஓட்டம் ஒன்று நாற்பத்திரண்டுக்கு. அதே பாதையில். மயானத்துக்கு வேறு பாதை கிடையாது.

என் முட்டாள்தனத்தை இங்கே ஒப்புக்கொள்கிறேன். நான் வேதக்காரன். எங்களுக்குச் செத்தால் சாமியாருக்கு எப்போது நேரமோ அப்போது எடுப்போம். ஒன்பது கையெழுத்து வாங்கினேனே, திருவிழா எப்போது, சம்பள நாள் எப்போது, கொழுந்து லொறி எப்போது என்று துருவித் துருவிக் கேட்டேனே, ஞாயிற்றுக்கிழமை சாவு விழுந்தால் எந்த நேரத்தில் எடுப்பீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுமட்டுமா? இதே லயத்து வாசலில் ஆட்டோவை நிறுத்தி, “பாதை உங்க பாதை, ஓட்டம் உங்க ஓட்டம்” என்று தொண்டை கிழியக் கத்தியிருந்தேன். வெட்கமாக இருந்தது.

“அக்கா, தேயிலைக்குள்ள, கொழுந்து மலை வழியா…” என்று இழுத்தேன்.

பேச்சியம்மா அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். “ராத்திரி பேஞ்ச மழையில அந்த வழியா மம்பட்டி தூக்கிட்டுப் போன பயலுகளே ரெண்டு தடவ வழுக்கி விழுந்துட்டானுக. அது கெடக்கட்டும். ரோடு போட்ட மனுசனத் திருட்டு வழியிலயா கொண்டு போகச் சொல்றீங்க?”

நான் சேரிடம் ஓடினேன்.

சேர் பெரட்டுக் களத்தில் கூடாரம் போட்டு உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். புத்தகம் வெளியே வந்தது. விரல், நாக்கு, பக்கம். “பாதைய மூடினா, லிஸ்ட்ல இல்லாத ஒரு ஆளும் கால் வைக்க ஏலாது. வச்சா இன்சூரன்ஸ் இல்ல, ஓட்டமும் இல்ல.”

“ஓட்டத்த ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ள ஏலாதா சேர்?”

ஒன்று நாற்பத்திரண்டு என்பது பிரதம அதிதியாக வரும் அரசியல்வாதியின் சோதிடர் குறித்த சுப நேரம். சேர் அவருடைய செயலாளருக்குப் போன் எடுத்தார். சிங்களத்தில் கொஞ்ச நேரம் பேசிவிட்டு வைத்தார். “அடுத்த நல்ல நேரம் புதன்கிழமையாம்,” என்றார்.

இந்தப் பக்கம் ஒரு பஞ்சாங்கம், அந்தப் பக்கம் ஒரு பஞ்சாங்கம், நடுவில் நான். மாதாவே என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். சேர் புத்தகத்தை முதல் பக்கத்தில் இருந்து வாசிக்க ஆரம்பித்தார். பதினொரு நிமிடம் வாசித்தார். இறுதியில் கடிகாரத்தைப் பார்த்தார்.

“லேட் என்ட்ரி எத்தன மணி வரைக்கும், அருள்?”

“ஓட்டத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்ன வரைக்கும் சேர். பன்னெண்டு நாப்பத்திரண்டு.”

“இப்ப பன்னெண்டு பத்து. ஃபோர்ம் ஒண்ணு எடுங்க.”

எனக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் சிரிப்பு வந்தது; அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. மனிதர் முழு மனதோடுதான் சொன்னார். லிஸ்டில் இருக்கிறவர்தான் பாதையில் போகலாம். ஆகவே மாரிமுத்தண்ணனை லிஸ்டில் போட வேண்டும்.

நாங்கள் நாலு பேர் லயத்துக்குப் போனோம். நான், சேர், வாகனம் பரிசோதிக்கும் நந்தசேன பாஸ், ஓட்டத்துக்கு வந்திருந்த டொக்டர் அம்மா. நான் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். பேர் பதிய வேண்டும், நம்பர் ஒட்ட வேண்டும் என்றதும் நாக்கு குழறியது. கோபப்பட்டு விரட்டுவார் என்று நினைத்தேன்.

“நம்பரா?” என்றார். “முப்பது வருசம் தோட்டத்துச் செக்ரோல் பதிவுல நம்பராத்தானே இருந்தாரு. ஒட்டுங்க, ஒட்டுங்க. மூணு மணிக்குள்ள போகணும், அவ்வளவுதான்.”

படிவத்தைக் கணேசன் நிரப்பினான். பெயர், வயது, முகவரி. அனுபவம் என்ற இடத்தில், ‘இந்தப் பாதையில் முப்பது வருடம்’ என்று எழுதினான். கையெழுத்து யார் போடுவது? பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்காகப் பாதுகாவலர் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியைச் சேர் விரலால் தடவித் தடவி வாசித்தார். “‘கையெழுத்திட முடியாதவர்களுக்கும்’னு இருக்கு,” என்றார். அப்பாவுக்குப் பாதுகாவலராக மகன் கையெழுத்துப் போட்டான்.

மருத்துவப் பத்திரம் டொக்டர் அம்மாவின் பொறுப்பு. நல்ல பிள்ளை, பொய் எழுத மாட்டேன் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். பொய் எழுதத் தேவையும் வரவில்லை. ‘உடல்நிலை: மாற்றமில்லை. ஓட்டத்தின்போது மோசமடையும் சாத்தியம்: இல்லை. மது அருந்தியுள்ளாரா: இல்லை.’ கீழே கையெழுத்து வைத்தாள். வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நந்தசேன பாஸ் பாடையைச் சுற்றிச் சுற்றி வந்தார். பச்சை மூங்கில், தென்னையோலை, பூ. அவர் வேலையில் அவர் யாருக்கும் சலுகை காட்டாதவர்.

“பிரேக்?”

“நாங்க நாலு பேர் நின்னா நிக்கும், பாஸ்,” என்றான் தூக்கப்போகும் ஒருவன்.

“ஹோர்ன்?”

வாசலில் நின்ற தப்புக்காரர் ஒரு தட்டுத் தட்டினார். பாஸ் துள்ளிக் குதித்துவிட்டு, ‘சரி’ என்று அடையாளம் போட்டார். குனிந்து கீழே பார்த்து, “ஒயில் லீக் இல்ல,” என்றார்.

ஹெல்மெட்டில் மாட்டிக்கொண்டோம். போட்டியாளருக்கு ஹெல்மெட் கட்டாயம். ஆனால் மாரிமுத்தண்ணனுக்குத் தாடை கட்டியிருந்தது.

“கட்டுன கட்ட அவுக்கக் கூடாதுங்க,” என்றார் அக்கா.

விரல், நாக்கு, பக்கம். “போட்டியாளரோட ஹெல்மெட் இருக்கணும், பட்டி இறுக்கிக் கட்டியிருக்கணும். தலையிலனு இல்ல,” என்றார் சேர். தலைமாட்டு மூங்கிலில் ஹெல்மெட்டைக் கட்டினோம். சேர் பட்டியை இழுத்துப் பார்த்தார்.

கூட வருகிறவர்களை என்ன செய்வது? ஒரு போட்டியாளரின் உதவியாளர்கள் கையில் பட்டி கட்டியிருந்தால் பாதையில் வரலாம். எத்தனை பேர் என்று புத்தகத்தில் இல்லை. வெள்ளைத் துணியைக் கிழித்து நூற்றிருபது பேருக்குக் கையில் கட்டினோம். பாதையில் எதையும் சிந்தக் கூடாது என்று ஒரு விதி. பொரி இறைக்காமல் பிணம் எடுப்பதா என்று கிழவர்கள் எகிறினார்கள். பின்னால் விளக்குமாறோடு நாலு பேர் கூட்டிக்கொண்டே வருவது என்று முடிவானது. பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்குச் சேர் படிவத்தில் முத்திரை குத்தினார். முப்பத்தேழாம் இலக்கம். கடைசியாகப் பதிந்தவர் முதலில் புறப்பட வேண்டும், அதுவும் புத்தகம்.

ஒன்றரை அடித்தது. எமகண்டம் கழிந்தது. பாடையைத் தூக்கினார்கள். லயத்து முனையில் பெண்கள் நின்றுகொண்டார்கள். அக்காவும் அங்கேயே நின்றார். ஒன்று நாற்பதுக்குப் பாடை பெரட்டுக் களத்தில் புறப்படும் கோட்டில் வந்து நின்றது. முப்பத்தாறு மோட்டார் சைக்கிள்களும் பின்னால் வரிசையாக நின்றன. கரையெல்லாம் சனம்.

பிரதம அதிதி கொடியோடு மேடையில் நின்றார். அவருக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் அரசியல்வாதிக்குச் சாவு புதிதா? பாடையைப் பார்த்த உடனே முகத்தைச் சோகமாக்கிக்கொண்டார். ஆனாலும் எழுதி வைத்திருந்த பேச்சை விட மனமில்லை போலும், வாசித்துவிட்டார். “இவருடைய வேகத்தையும் துணிச்சலையும் மலையக இளைஞர்கள் அனைவரும் பின்பற்ற வேண்டும்” என்று முடித்துக் கொடியை ஆட்டினார். சேர் கடிகாரத்தை அமுக்கினார். வெடி போட்டார்கள், தப்பு முழங்கியது, முப்பத்தேழாம் இலக்கம் புறப்பட்டது. பிரதம அதிதி ஓடி வந்து பத்து எட்டுத் தோள் கொடுத்தார். போட்டோ எடுத்தார்கள்.

வர்ணனை என் வேலை. முன்னால் ஆட்டோவில் மைக்கோடு நான் போனேன். பழக்க தோஷம். “இதோ, முப்பத்தேழாம் இலக்கம் முதலாவது வளைவை நெருங்குகிறார்” என்று ஆரம்பித்துவிட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் ஆரம்பித்ததை எப்படி நிறுத்துவது? “இந்த வளைவில் இரண்டடிப் பள்ளம் இருந்தது. நாலு நாள் வேலை செய்து மூடினார்” என்றேன். அடுத்த வளைவில், “இந்தத் தண்ணீர்க் கானை வெட்டியது அவர். இந்த மதகின் கல்லை முதுகில் சுமந்து வந்தது அவர்” என்றேன். ஒவ்வொரு வளைவிலும் சொல்வதற்கு ஏதாவது இருந்தது. மூன்று கிழமையாக அந்தப் பாதையில் போய் வந்த எனக்கே அது அன்றுதான் தெரிந்தது. கரையில் நின்ற ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். மைக்கைக் கொஞ்ச நேரம் மூடிவிட்டேன்.

மயானத்துக்குக் கொஞ்சம் கீழே பாடையை இறக்கி, தலைமாடு கால்மாடு மாற்றித் திருப்ப வேண்டும். பாதையில் நிற்கக் கூடாதென்று, கூட வந்த ஓட்ட அதிகாரி ஒருவர் கைக்கொடியைத் தூக்கப் பார்த்தார். “பிட் ஸ்டொப், நடுவில நிறுத்த இடமிருக்கு,” என்று சேர் அடக்கினார். மேல் வளைவில் முடிவுக்கோட்டைத் தாண்டியபோது சேர் கடிகாரத்தை நிறுத்தினார். நாற்பத்தேழு நிமிடம் பன்னிரண்டு செக்கன். மணி இரண்டு இருபத்தொன்பது. கணேசன் முதல் பிடி மண்ணைப் போட்டபோது குளிகனுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. நான் அங்கேயே தேயிலைக்குள் உட்கார்ந்து அழுதேன்.

இத்தோடு முடிந்திருந்தால் படிவத்தில் அந்தக் கேள்வி வந்திருக்காது. பாதையை மறுபடி ஒழுங்குபடுத்தி முதல் வீரர் கோட்டில் வந்து நின்றபோது மூடுபனி இறங்கியது. எங்கள் பக்கத்துப் பனி தெரியும்தானே, வீரருக்குத் தன் வண்டியின் முன்சில்லே தெரியவில்லை. காத்திருந்தோம். முப்பத்தாறு தொழில்முறை வீரர்களும் தோல் உடுப்போடு பெரட்டுக் களத்தில் குந்தியிருந்து தேத்தண்ணீர் குடித்தார்கள். ஐந்து மணிக்குப் பாதையைத் திறந்தே ஆக வேண்டும். ஐந்து மணிக்கு ஓட்டம் நிறுத்தப்பட்டது.

சேர் புத்தகத்தை எடுத்தார். அவர் எந்தப் பக்கத்தைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. “வேணாம் சேர்,” என்றேன்.

“ஒரு போட்டியாளராவது பாதைய முழுசா முடிச்சிருந்தா முடிவு செல்லும். அறிவிங்க அருள்.”

அறிவித்தேன். முதலாம் இடம், முப்பத்தேழாம் இலக்கம். கண்டியில் இருந்து வந்த முதல்நிலை வீரர் கொதித்துப்போய் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தார். சேர் ஒவ்வொன்றாக விசாரித்தார். வாகனத்துக்கு எஞ்சின் இல்லை என்பது முதல் ஆட்சேபம். எஞ்சின் நின்றால் உதவியாளர்கள் கொண்டு போகலாம் என்று இருக்கிறது. எஞ்சின் எப்போது நின்றது என்று இல்லை. போட்டியாளர் தானாக ஏறவில்லை. நோட்டன் பிரிட்ஜ் தீர்ப்பு இருக்கிறது. போட்டியாளர் உயிரோடு இல்லை. சேர் புத்தகத்தை அட்டையில் இருந்து அட்டை வரைக்கும் புரட்டினார். “உயிரோட இருக்கணும்னு எங்கயும் எழுதல்ல,” என்றார். “எழுதியிருக்கணும். அது நம்ம பிழை. அடுத்த வருசம் கேப்பம்.” பதினாலாவது கேள்வி அப்படித்தான் வந்தது, சுகந்தி. அடுத்த வருடம் வேறு பாதைக்குப் போய்விட்டோம். சின்னப்பாறையில் இன்றைக்கும் சாதனை நேரம் அந்த நாற்பத்தேழு நிமிடம் பன்னிரண்டு செக்கன்தான்.

அன்று பின்னேரம் சேரும் நானும் கப்பைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் போனோம். கணேசன் பையோடு வேனில் ஏறிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்துக் கும்பிட்டான், வேன் போனது. சேர் வாசலில் சப்பாத்தைக் கழற்றி, டையைச் சரிசெய்து, இரண்டு கையாலும் கப்பை நீட்டினார்.

“உங்க மாத்தியா, உங்க வீட்டுக்காரர்தான் முதலாவது,” என்றார்.

பேச்சியம்மா அக்கா விளங்காமல் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன், முப்பத்தாறு பேர் வந்தும் பாதையை முடித்தவர் அண்ணன் ஒருவர்தான், போட்டியில் அவர்தான் வென்றார் என்று. அக்கா கப்பை வாங்கினார். பார்த்தார். சாவு விழுந்ததில் இருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுஷி, அதை மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டார்.

“ஐயோ, இத அவருக்கு யாரு போயிச் சொல்றது?” என்றார். “தெரியாமப் போயிட்டாரே மனுசன். யாரு போயிச் சொல்றது?”

சேரின் கை சட்டைப்பை வரைக்கும் போய்த் திரும்பியது.

“நான் சொல்றேங்கா,” என்றேன். “விடிஞ்சதும் போயிச் சொல்றேன்.”

அக்கா மூக்கைச் சிந்தி, முகத்தைத் துடைத்தார். “சோத்தாங்கைப் பக்கமா நின்னு சொல்லுங்க, தம்பி. பீச்சாங்கைப் பக்கத்துக் காது அவருக்குக் கேக்காது. அந்தப் பக்கமா நின்னு பேசுனா சும்மா தலைய ஆட்டுவாரு, ஒண்ணும் வெளங்கியிருக்காது.”

திங்கட்கிழமை காலை போனேன். தெற்கே தலைவைத்துப் புதைத்திருந்தார்கள். மல்லாந்து கிடப்பவருக்குச் சோத்தாங்கைப் பக்கம் கிழக்கு. கிழக்கே இடமில்லை, தேயிலை. செடிகளை விலக்கிக்கொண்டு உள்ளே போய், குந்தி உட்கார்ந்து, முடிவை வாசித்தேன். சந்தேகமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் கிட்டப் போய், சத்தமாக இன்னொருமுறை வாசித்தேன்.